பன்னிரண்டு அடி

கீபோர்டைச் சுத்தம் செய்யப் பழைய டூத் பிரஷ்ஷை விட நல்ல சாமான் கிடையாது. பிரஷ் மிருதுவாக இருக்க வேண்டும், தண்ணீர் படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி புஷ்பவள்ளியின் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, ஒவ்வொரு பொத்தானின் இடுக்கிலும் நான்தான் தூசி எடுப்பேன். அவள் விரல் அடிக்கடி தேடும் பொத்தான்களில் ஒரு சொட்டுப் பசை விட்டு மேடு செய்து கொடுத்ததும் நான்தான். என்னைப் பற்றி உங்களிடம் பேசியவர்கள் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மேடம், ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த தாளில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பெயர் தேவநாதன். வயது நாற்பத்து நான்கு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். நிலம் அளக்கும் வேலை. மனை பிரிப்பவர்களும் பாகம் பிரிப்பவர்களும் கூப்பிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வரைபடம் போட்டுத் தருவேன். காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளில் நான் நட்ட கல்லை இன்றுவரை யாரும் பிடுங்கியதில்லை. என் அளவில் தப்பு என்று ஒருவரும் வாசலில் வந்து நின்றதில்லை.

புஷ்பாவுக்கு முப்பது வயதில் பார்வை குறைய ஆரம்பித்தது. ஓரத்தில் தொடங்கி உள்ளே வருகிற நோய். முப்பத்து மூன்றில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிச்சம். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று வருஷம் அவளுக்கு எல்லாம் நான்தான். என்ன கலர் சேலை கட்டியிருக்கிறாள் என்பதை நான் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் கை என் முழங்கைக்கு மேலே இருக்கும். பிடித்துப் பிடித்து என் சட்டைகளில் அந்த இடம் மட்டும் நைந்துபோனது. அந்தச் சட்டைகளை நான் இன்னும் எறியவில்லை. ஊரார் எங்களைப் பார்த்துப் பாவம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான்.

பிறகு அவள் தம்பி அன்பரசு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். கம்மாபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை அதில் போட்டிருந்தான். மவுஸே வேண்டாம். அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொரு பெயராகக் குரல் சொல்லும். என்ன பொத்தானை அழுத்தினோம், அதனால் என்ன நடந்தது என்பதையும் சொல்லும்.

"இனிமே அக்கா யாரையும் எதிர்பாத்துக்கினு நிக்க வேணாம் மாமா" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் அது நல்லதாகப் படவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டுக் காது. முதலில் பாட்டுப் பட்டியல் போடத்தான் பழகினாள். நான்காயிரம் பாட்டு இருந்த கோப்புறையில் அம்புக்குறியால் இறங்கி இறங்கி, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலில் சேர்ப்பாள். இது முன்னால் வர வேண்டும் என்று தோன்றினால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி மேலே ஏற்றுவாள். மானிட்டரை அணைத்தே வைத்திருப்பாள். கறுத்துக் கிடக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பத்து விரலும் ஓட அவள் தானாகச் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கும்.

அந்தக் குரலின் வேகத்தை வாரத்துக்கு வாரம் கூட்டினாள். மூன்று மாதத்தில் அது என் காதுக்குத் தமிழாகவே இல்லை. தகர டப்பாவில் தனியாவைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாக வை, எனக்கும் புரியட்டும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்குங்க, எனக்குப் புரிஞ்சா போதாதா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்காமல் இருக்க நானும் பழகிக்கொண்டேன். மேடம், என் தப்பு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

பட்டியலை வைத்தே அவள் வீட்டை நடத்த ஆரம்பித்தாள். சோற்றுக்கு ஒரு பட்டியல். உலை கொதித்து அரிசி போட்டதும் பாட்டை ஓட விடுவாள், நான்காவது பாட்டு முடிந்தால் வடிக்க வேண்டும். துணி ஊறுவதற்கு ஒன்று. கடிகாரத்தைக் கேட்பதைவிடப் பாட்டைக் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. நான் அளவுக்கு டேப் வைத்திருப்பது போல அவள் பாட்டை வைத்திருந்தாள். அதில் எனக்குப் பெருமைதான்.

சிதம்பரத்தில் சுவாதி என்கிற பெண் இன்டர்நெட் ரேடியோ ஒன்று நடத்துகிறாள். புஷ்பா போட்ட பட்டியல் ஒன்று அன்பரசு மூலம் அவளுக்குப் போய், காலை நிகழ்ச்சிக்குப் பாட்டு வரிசை போட்டுத்தரச் சொன்னாள். முதலில் வீட்டிலிருந்தே. பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு வர முடியுமா என்று கேட்டாள். மூன்று மாதம் நானே கூட்டிக்கொண்டு போய் வந்தேன். ஒருநாள் தட்டில் சோறு வைத்துக்கொண்டே, "அடுத்த மாசத்துலருந்து நானே போயி வந்துர்றேங்க" என்றாள். பயந்துபோனேன். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மனுஷன் பயந்தால் ஏதாவது செய்யத்தான் செய்வான்.

முதலில் செய்தது சின்ன காரியம். காலை ஆறரைக்கு அவள் குளிக்கப் போவாள். இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் மானிட்டரைப் போட்டு, அன்றைய பட்டியலில் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பிறகு வர வேண்டிய பாட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஒப்பாரியை வைத்தேன். அந்தக் குரலை நிறுத்த எனக்குத் தெரியாது. நிறுத்தினால் நிறுத்திய சத்தம் வேறு வரும். ஹெட்போன் எப்போதும் அவள் பையில் இருக்கும். அதனால் ஒலியைக் கொசு சத்தத்துக்குக் குறைத்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. இந்த அறைக்கு வெளியே யாருக்குக் கேட்கப் போகிறது?

அன்று சுவாதி போன் செய்தாள். ஆறு வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒப்பாரி போய்விட்டது. புஷ்பா அழுதாள். "நான் அத வெக்கலிங்க, சத்தியமா வெக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே, அதே இடத்தில். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளாக வந்து அங்கே பிடித்தது அன்றுதான். காய்ச்சல் விட்டது போல எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, சில வாரம் இரண்டுமுறை. ஒரு பாட்டு இடம் மாறும். ஒரு பாட்டு காணாமல் போகும். சேமித்த பட்டியல் வெறுமையாகத் திறக்கும். கண் போனதோடு ஞாபகமும் போகிறதோ என்று அவளே கேட்பதற்கு எட்டு வாரம் ஆயிற்று. இருக்கலாம், டாக்டரிடம் கேட்போம் என்றேன். அவளை நான் திட்டியதே இல்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சோற்றுப் பட்டியலில் கை வைத்ததைப் பற்றி நீங்கள் இரண்டுமுறை கேட்டீர்கள். நான்காவது பாட்டுக்குப் பதில் அதே பாட்டின் நீளமான பதிவை வைத்தேன். ஏழு நிமிஷம் வித்தியாசம். சோறு குழையும், சமையலை என்னிடம் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வடிக்கும்போது குழைந்த சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு சரியும் என்று எதிர்பார்க்கவில்லை. கஞ்சி அவள் இடது மணிக்கட்டில் கொட்டியது. பதினேழு நாள் நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். தழும்பு இரண்டேகால் அங்குலம்.

அதிலிருந்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நான் அறைக்குள் வந்தால் திடுக்கிடுவாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காருவாள். நான் பேசினால் பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நின்று வரும். டீயை நான் கொடுத்தால் நான் அந்தப் பக்கம் போகும் வரை குடிக்க மாட்டாள். படுக்கும்போது வெள்ளைக் கோலைக் கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்துக்கொள்வாள். இருட்டு அவளை மெல்ல மெல்லத் தின்கிறது என்று நினைத்தேன். அந்தப் பயத்தோடு அவள் வெளியூர் போய் வருவது சரியில்லை என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தோன்றியது. ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. குளியலறைச் சோப்பு ஒரு மாதமாகக் கரையவே இல்லை. சிக்கனமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தனியாகப் போவதை மட்டும் அவள் விடவில்லை. பஸ் பிரச்சினையில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்குவார்கள், கண்டக்டர் கைகொடுத்து இறக்கிவிடுவார். அங்கிருந்து ஆபீஸ் வரை நடைதான். அதற்கு ஒரு பட்டியல் போட்டாள், கிளம்பும் முன் கம்ப்யூட்டரிலிருந்து செல்போனில் ஏற்றிக்கொள்வாள். ஒரே தாளத்தில் வாத்திய இசை ஆறு துண்டு. தாளத்துக்கு ஓர் அடி வைத்தால் முதல் துண்டு முடியும் இடத்தில் டிரான்ஸ்பார்மர், இரண்டாவது முடியும் இடத்தில் மாவு மில், மூன்றாவது முடிந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஒரு காதில் பாட்டு, மறு காது ரோட்டுக்கு. நான்தான் டேப் பிடித்து அளந்து கொடுத்தேன். துண்டுகளின் நீளத்தை அதற்குத் தகுந்தபடி அவள் வெட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை அது.

வலது பக்கம் திரும்பாமல் நேராகப் போனால் நூற்று நாற்பத்திரண்டாவது அடியில் ஒரு வாய்க்கால் குறுக்கே வருகிறது. தடுப்புச் சுவர் இடிந்து கிடக்கிறது. மழைக் காலம் என்பதால் தண்ணீர் நிறைய. அவள் நடைக்கு விநாடிக்கு மூன்றேகால் அடி. மூன்றாவது துண்டில் நடுவில் நாற்பது விநாடியை நகலெடுத்து அங்கேயே ஒட்டினேன். தாளம் தப்பாமல் ஒட்ட நான்கு நாள் காலை நேரம் பிடித்தது. நாற்பது விநாடிக்கு நூற்று முப்பது அடி. அவள் தண்ணீரில் விழ வேண்டும் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு அடி விட்டிருந்தேன். வாய்க்கால் கரையில் நான் நிற்பதாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவள் நின்று, பயந்து, கூப்பிடும்போது போய்க் கையைப் பிடிப்பேன். அதற்குப் பிறகு அவள் தனியாகப் போகிறேன் என்று சொல்லவே மாட்டாள். என் அளவு தப்பாது என்பது அவளுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை அவளைக் கடலூரில் பஸ் ஏற்றிவிட்டு, பைக்கில் முன்னால் போய்விட்டேன். பூட்ஸ் போட்டிருந்தால் என் நடையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று ரப்பர் செருப்பு. வாய்க்கால் கரையில் இருபது நிமிஷம் நின்றேன். தூரத்தில் அவள் வருவது தெரிந்தது. டிரான்ஸ்பார்மர் தாண்டினாள். மாவு மில் தாண்டினாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, கல்யாணத்தன்று அடித்தது போல. திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் வலது பக்கம் திரும்பிவிட்டாள்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் முக்கில் நின்றேன். கோலைத் தட்டிக்கொண்டு, தோளை நிமிர்த்தி, சரியான வழியில் சரியான வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். காதிலிருந்து போன வயர் கையிலிருந்த செல்போனுக்குப் போகவில்லை, தோள் பைக்குள் போனது. அவள் முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம், மேடம், அதை எழுதக் கை வரவில்லை. அவளுக்கு நான் வேண்டாம். அந்த முதுகு அதைத்தான் சொன்னது.

கூப்பிட்டேன். "புஷ்பா, அந்தப் பக்கம் இல்ல. வழி தப்பிப்புட்ட. இந்தாண்ட வா."

நின்றாள். காதிலிருந்ததைக் கழற்றினாள். திரும்பவில்லை.

"என் கொரல பாத்து வா. ஒண்ணும் ஆவாது. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். இரண்டடி எடுத்து வைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஓடினாள். கோலை விட்டுவிட்டாள். எதிரே பெரிய ரோடு, பஸ்சும் லாரியும் போகிற சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும். அந்தச் சத்தத்தை நோக்கி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினாள். பால் வேன்காரன் பிரேக் போட்டான், போடவில்லை என்று சொல்லக் கூடாது. அதற்குள் நடந்துவிட்டது. இடுப்பெலும்பும் வலது காலும். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

நேற்று நீங்கள் மேசையில் சின்னதாக ஒரு ரெக்கார்டரை வைத்தீர்கள். நேயர்கள் குரலைப் பதிவு செய்ய ஆபீசில் கொடுத்தது, அன்று அவள் பைக்குள் இருந்தது. தான் வெட்டி வைத்த நடைப் பட்டியலை அதில்தான் தனியாக வைத்திருந்தாள். அதில் வேறு ஒன்றும் இருந்தது. நாற்பத்தொரு காலையில் எடுத்த பதிவு. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, குளிக்காமல், கதவிடுக்கில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முதலில் தனியா கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். "நடைப் பட்டியல். மூன்று. திற. தேர்ந்தெடு. நகலெடு. ஒட்டு. சேமி. ஆம்." நான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானையும் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சோற்றுப் பட்டியலையும் சொன்னது. இன்னொருமுறை போடச் சொல்லிக் கேட்டேன். என் வீட்டில் அத்தனை நாளாக என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த குரலை முதல்முறையாக நேற்றுதான் கேட்டேன்.

அது அவள் காதில் ஆரம்பத்திலிருந்தே விழுந்ததா, நடுவில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்கள் அவளைக் கேட்டீர்களாம். அவள் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "பயமா இருந்திச்சி. சொன்னா அடுத்தது எதுல கைய வெப்பாரோன்னு பயமா இருந்திச்சி." வலியில் எதையோ உளறியிருக்கிறாள். நான் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?

மேலே எழுதியதெல்லாம் நான் செய்ததுதான். யார் தூண்டுதலும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் என்று என்னை வார்டுக்குள் விட மறுக்கிறார்கள். இனி அவளால் நடக்க முடியாது, குறைந்தது ஆறு மாதம். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். வேளா வேளைக்கு மாத்திரை கொடுக்க, துணி மாற்ற, சேலைக் கலர் சொல்ல. அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவளுக்குத் திசை குழம்பிவிட்டது, மேடம். இல்லாவிட்டால் என் குரல் கேட்ட பிறகும் அவள் எதற்கு எதிர்ப்பக்கம் ஓடப் போகிறாள்.